பனிச்சறுக்கும் பெரியம்மா முட்டியும்

"பனிச்சறுக்குச் சுற்றுலாவுக்குக் காஷ்மீர் குல்மார்க்தான் சரி. கற்றுக்குட்டிகள் கோண்டோலா கேபிள் காரில் கொங்டூரியோடு இறங்கிக்கலாம், கில்லாடிகள் 13,000 அடி உயர அபர்வாட் வரை போகலாம்" என்றான் அண்ணன் மகன். அவன் பனி பார்த்தது ஃப்ரீஸரில்.

குடும்பத்தின் தீர்ப்பு ஏற்காடு. அடிவாரம் வழியில் 20 கொண்டை ஊசி வளைவு. சித்தி வயிற்றை உத்தேசித்துக் குப்பனூர் வழி. கொட்டச்சேட்டுக்கு முன்பே புளிப்பு மிட்டாய் தீர்ந்தது. சில்வர் ஓக்கில் மிளகுக்கொடி சுலபமாக ஏறிக்கொண்டிருந்தது, பொறாமையாக இருந்தது.

இங்கேயும் தரம் பிரிக்கலாம். கிளியூர் அருவிக்குப் படியிறங்க எல்லோரும் வீரர்கள்; திரும்பி ஏறும்போதுதான் மாமாவின் ஜிம் சந்தா அம்பலமாகும். சேர்வராயன் கோயில் 5,326 அடி உயரத்தில், ஆனால் கார் போகும். அங்கே குகைக்குள் குனியத்தான் இடுப்பு வேண்டும். முட்டிவலிக்கு ஏரிப் படகு.

பெரியம்மா படகிலும் ஏறவில்லை. கரையில் மிளகாய் பஜ்ஜி. அதில் அவர் அபர்வாட் வகுப்பு.