‘த’ எங்கே வரும்? வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை வழக்குகளை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆங்கிலத்தில் ஆகக் கூடுதலாகப் புழங்கும் சொல் ‘த’. பெயர்ச்சொல்லுக்கு முன்னால் குந்தியிருக்கும் இச்சிறு சொல்லைக் கொழும்புத் தமிழர் இரண்டு விதமாகக் கையாளுகின்றனர். சந்தேகம் வந்தால் போட்டுவிடுவது வெள்ளவத்தை மரபு. சந்தேகம் வந்தால் விட்டுவிடுவது கொட்டாஞ்சேனை மரபு. இரு மரபினரும் சரிபாதி இடங்களில் சரியாகவே பேசிவிடுவதால் இதுவரை சண்டை மூளவில்லை.

சுட்டிக் காட்டத் தெரியாத மொழி தமிழ் என்று எவரும் சொல்ல முடியாது. தொல்காப்பியர் அ, இ, உ என மூன்று சுட்டுகளைச் சொன்னார். தமிழகப் பேச்சில் உகரச் சுட்டு உதிர்ந்துபோயிற்று. யாழ்ப்பாணத்தவரோ அதைப் பத்திரமாகப் பொதிந்து வெள்ளவத்தை வரை கொண்டுவந்திருக்கின்றனர். என் கையில் உள்ளது ‘இது’, எட்ட உள்ளது ‘அது’, உங்கள் கையில் உள்ளது ‘உது’. “உதென்ன உது?” என்று கேட்கத் தெரிந்த சமூகம் ஒரு ‘த’வுக்கு முன்னால் திணறுவானேன்?

‘த’ சுட்டுவதில்லை என்பதே காரணம். எதைச் சொல்கிறேன் என்று உனக்கே தெரியும் என்கிற உடன்பாடு அது. அந்த உடன்பாடு தமிழிலும் உண்டு. இரண்டாம் வேற்றுமைக்குள் ஒளிந்திருக்கிறது. வெள்ளவத்தைச் சந்தையால் வந்தவர் “அறக்குளா வாங்கினனான்” என்றால் ஏதோ ஒரு மீன். “அறக்குளாவை வாங்கினியளே?” என்று வீட்டுக்காரி கேட்டால், காலையிலேயே பேசி முடிவான மீன். ஆகவே ‘ஐ’ வரும் இடத்தில் ‘த’ போடுக என்றொரு விதியை இவ்வாய்வு முன்மொழிகிறது. விதிக்கு உடனே இரண்டு ஆபத்து. உயர்திணைக்கு ‘ஐ’ கட்டாயம் என்பதால் “அம்மாவைக் கண்டேன்” என்பவர் பெற்ற தாய்க்கும் ‘த’ போட நேரிடும். “அறக்குளா பழுதாப் போச்சு” என்னும்போதோ மீன் எழுவாயாகிவிட, ‘ஐ’யும் இல்லை, விதியும் இல்லை, மீனும் இல்லை.

கொட்டாஞ்சேனையில் சிங்களமும் காதில் விழுகிறது. அதில் ‘பொத’ என்றால் தெரிந்த புத்தகம். ‘பொதக்’ என்றால் ஏதோ ஒரு புத்தகம். தெரியாததற்குத்தான் வால். இரவல் வந்த ‘பஸ்’ மட்டும் தெரிந்த பஸ்ஸானால் ‘பஸ் எக’ ஆகும். முன்னொட்டும் மொழிக்கும் பின்னொட்டும் மொழிக்கும் நடுவில் வாழ்பவர், ஒட்டாமல் விடுவதே உத்தமம் என்று முடிவெடுத்ததில் நியாயம் இருக்கிறது.

இடப்பெயர்களைப் பார்த்தால் விசாரணை இன்னும் சிக்கலாகிறது. புறக்கோட்டைக்கு ஆங்கிலேயர் இட்ட ‘பெட்டா’ நம்முடைய பேட்டைதான். கோட்டைக்கு வெளியே உள்ள ஊர் என்கிற பொதுப்பெயராக அதை எடுத்துக்கொண்டதால் ‘த பெட்டா’ என்றார்கள். அருகிலேயே ‘த ஃபோர்ட்’. வெள்ளவத்தைக்கும் கொட்டாஞ்சேனைக்கும் அந்த மரியாதை கிடைக்கவில்லை. ஆனால் வெள்ளவத்தைச் சவோய் திரையரங்குக்குக் கிடைத்தது: ‘த சவோய்’. கொட்டாஞ்சேனைப் புனித லூசியாள் பேராலயத்தையோ ‘த’ இல்லாமலே சொல்கிறார்கள். புனிதர்களுக்கு அறிமுகம் தேவையில்லை, படக்கொட்டகைக்குத் தேவை என்று இதை விளங்கிக்கொள்ளலாம். கடல் தாண்டினாலும் இதே கதை. கனடா வெறுங்கையோடு நிற்க, யூ.கே.யும் நெதர்லாந்தும் ‘த’வோடு நிற்கின்றன. விசா மூன்றுக்கும் வேண்டும்.

எல்லாவற்றிலும் நுட்பமானது ஆஸ்பத்திரி விதி. பிரித்தானிய வழக்குப்படி, நோயாளியாகப் போகிறவருக்கு ‘த’ இல்லை; அவருக்குச் சோற்றுப் பார்சல் கொண்டுபோகிறவருக்கு உண்டு. வெலிக்கடைச் சிறைக்குத் தண்டனை பெற்றுப் போகிறவர் ‘த’ இல்லாமலும், அவரைப் பார்க்கப் போகிறவர் ‘த’வோடும் போகின்றனர். உள்ளே தங்கும் உத்தேசம் இருப்பவருக்கு அது வேண்டியதில்லை போலும்.

இவ்வளவும் சில்லறை. ‘த’ தன் முழுச் சுயரூபத்தைக் காட்டியது சட்டப் புத்தகத்தில். 1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தின் ஆங்கில வாசகம் சிங்களத்துக்கு அரசகரும மொழி என்ற இடத்தை ‘த’ போட்டுக் கொடுத்தது. அதுவும் போதாதென்று பக்கத்தில் ‘ஒன்’னையும் காவலுக்கு நிறுத்தியது. 1978 அரசியலமைப்பின் 18ஆம் உறுப்புரை ‘ஒன்’னை அனுப்பிவிட்டு ‘த’வை வைத்துக்கொண்டது. 1987இல் 13ஆம் திருத்தம் தமிழையும் உள்ளே எடுத்தது, ‘அன்’ கொடுத்து. அடுத்த வரியில் இணைப்பு மொழியாக வந்த ஆங்கிலம் தனக்கொரு ‘த’வை எடுத்துக்கொண்டது. சொந்த மொழி, யார் தடுப்பது?

தத்துவஞானி பெர்ட்ரண்ட் ரஸல் 1905இல் ‘த’வுக்குக் கணக்கு எழுதினார்: அது வந்தால் அப்பொருள் உண்டு, ஒன்றே ஒன்றுதான் உண்டு. பிரான்சின் இன்றைய அரசன் வழுக்கைத் தலையன் என்ற அவருடைய உதாரணத்தில் அரசனே இல்லை. நம்முடைய உதாரணம் அதைவிடக் கடினம். ஒருவர் மட்டுமே இருக்கக்கூடிய கதிரையில் ஒருவர் இருக்கிறார். இன்னொருவரும் அதே கதிரையில் இருக்கிறார் என்று அடுத்த வரி சொல்கிறது. ரஸல் இதைப் பார்த்திருந்தால் பிரான்சை விட்டிருப்பார்.

சட்ட வரைஞருக்கு ஆங்கிலம் போதாது என்று ஒதுக்கிவிடவும் வழியில்லை. ‘த’வும் ‘அன்’னும் எங்கே நிற்கவேண்டும் என்பது அவருக்கு மிக நன்றாகத் தெரிந்திருக்கிறது. மேலதிக விளக்கம் வேண்டுவோர் கொட்டாஞ்சேனையிலிருந்து கூப்பிடு தூரத்தில் உள்ள புதுக்கடை நீதிமன்றங்களை நாடலாம். சட்டத்தரணிக்குத் தேநீர் கொண்டுபோகிறவர் ‘த’வோடு போகலாம். தமிழுக்காக வழக்காடப் போகிறவர் மேற்சொன்ன ஆஸ்பத்திரி விதிப்படி அது இல்லாமல்தான் போகவேண்டும்.