ஓமக்குச்சியும் குட்டிச் சிங்கமும்

எண்பதுகளில் மதுரைச் செல்லூரில் வளர்ந்த பிள்ளைக்கு மூன்று பெயர் இருக்கும். குலசாமி பேர் ஒன்று, பள்ளிக்கூடத்துப் பேர் ஒன்று. இரண்டும் யாருக்கும் தேவைப்படாது. மூன்றாவது தெரு வைத்த பேர். அதைச் சொன்னால்தான் தபால்காரருக்கே வீடு தெரியும்.

எங்கள் சந்தில் நெத்திலி, தவக்களை, பல்லன், மூக்கொழுகி, கருவாச்சி எல்லாரும் இருந்தார்கள். நான் ஓமக்குச்சி. ஓமக்குச்சி நரசிம்மன் என்று ஒல்லியான நடிகர் ஒருவர் அப்போது படங்களில் வந்துகொண்டிருந்தார். தமிழ்நாட்டில் எலும்பு தெரிகிற பிள்ளைகளுக்கெல்லாம் அந்தப் பேர் இனாமாகக் கிடைத்தது. அவருக்காவது அதற்குச் சம்பளம் கொடுத்தார்கள். 1989இல் கரகாட்டக்காரன் வந்த பிறகு நிலைமை இன்னும் மோசம். செந்திலின் தலையைப் பார்த்துக் கவுண்டமணி என்னவெல்லாம் சொன்னாரோ, அத்தனையும் எங்கள் வகுப்பில் அவரவர் தலையின் வடிவத்துக்குத் தக்கபடி பங்கு பிரிக்கப்பட்டது. வாத்தியார்களும் கஞ்சத்தனம் காட்டவில்லை. வருகைப் பதிவேட்டை மூடி வைத்ததும், "ஏய் கட்டையா, எந்திரி" என்றுதான் பாடமே தொடங்கும்.

எல்லாப் பேரும் கேலிக்கு வைத்ததில்லை. முன்னால் பிறந்தவை தங்காத வீட்டில், அடுத்த பிள்ளையைக் குப்பையில் கிடத்தி எடுத்து 'குப்பை' என்பார்கள். மடிப்பிச்சை ஏந்திப் 'பிச்சை' என்பார்கள். மூக்குக் குத்தி 'மூக்கன்', 'மூக்காயி' என்பார்கள். எமன் அந்தப் பேரைக் கேட்டு முகத்தைச் சுளித்துக்கொண்டு போய்விடுவான் என்று ஒரு கணக்கு. அதில் பயம் இருந்தது, பிள்ளை மேல் ஆசை இருந்தது. உசிலம்பட்டிப் பக்கம் வரிசையாகப் பெண் பிறந்த வீடுகளில் வைத்த 'போதும்பொண்ணு' இந்தக் கணக்கில் சேராது. அது எமனை ஏமாற்ற வைத்ததில்லை, சாமிக்குக் கொடுத்த மனு. மனுவைச் சுமந்தது பிள்ளை. 1986இல் இந்தியா டுடே பத்திரிகை உசிலம்பட்டி வட்டாரத்துப் பெண் சிசுக்கொலைகளை அட்டைப்படக் கட்டுரையாகப் போட்டபோது நாடே அதிர்ந்தது என்றார்கள். தினமும் காலையில் "போதும்பொண்ணு" என்று வாசித்து "உள்ளேன் ஐயா" கேட்டுக்கொண்டிருந்த வகுப்பறைகள் எதுவும் அதிர்ந்ததாக ஞாபகம் இல்லை.

வசவு தனிக் கணக்கு. சனியனே, எழவெடுத்தவளே, கட்டையில போறவனே என்பதெல்லாம் காது கேட்டுப் பழகியவை. பால்பல் விழாத பிள்ளையை 'முண்டை' என்று திட்டி, தாலி கட்டுவதற்கு முன்பே அறுத்தும் விடுவார்கள். அரைமணி நேரத்தில் அதே வாய், "ஏஞ் சாமி, சாப்புட வாத்தா" என்று கூப்பிடும். இரண்டையும் ஒரே சத்தத்தில்தான் சொல்வார்கள் என்பதால் வெளியூர்க்காரர்களுக்கு எது திட்டு, எது கொஞ்சல் என்று பிடிபடாது.

என் தம்பி பேச ஆரம்பித்ததும் டீக்கடைக்காரர்கள் அவனைத் தத்தெடுத்துக்கொண்டார்கள். பெஞ்சில் நிறுத்தி, "மாப்ள, இந்த மாமாவ என்னன்னு வைவ?" என்று ஒருவர் கேட்பார். அச்சில் ஏற்ற முடியாத சொல் ஒன்றை முதல் நாளே சொல்லிக்கொடுத்திருப்பார்கள். 'ர' வராத மழலையில் தம்பி அதை முழுசாகச் சொல்லி முடிப்பான். பெஞ்சு குலுங்கும். "பய வெவரமானவன்டா" என்று, வசவு வாங்கிய ஆளே தேன்மிட்டாய் வாங்கிக் கையில் திணிப்பார். ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த புதிதில், சிலேட்டைப் பிடுங்கிய டீச்சரிடம் தம்பி அதே சொல்லைச் சொல்லிவிட்டு, மிட்டாய்க்குக் கையை நீட்டினான். நீட்டிய கையிலேயே பிரம்பு விழுந்தது. "எங்கடா படிச்ச இத?" என்று டீச்சர் கேட்க, அவன் டீக்கடையின் அடையாளத்தைத் தப்பில்லாமல் சொன்னான். புகார் வீட்டுக்கு வந்தது. அப்பா தன் பங்குக்கு அடித்தார். அந்த பெஞ்சில் குலுங்கிய ஆட்களில் அப்பாவும் ஒருவர்.

பிரம்புக்குத் தமிழ்நாடு 2003இல் கல்வி விதியைத் திருத்தித் தடை போட்டது. 2009இன் கல்வி உரிமைச் சட்டம், 17ஆம் பிரிவில், அடிப்பதையும் மனரீதியான துன்புறுத்தலையும் சேர்த்தே தடுத்தது. டீக்கடை பெஞ்சு எந்தப் பிரிவிலும் வரவில்லை.

அடுத்து மாமா. அம்மாவின் தம்பி. மேலூரிலிருந்து டிவிஎஸ் 50இல், விளக்குத்தூண் பக்கம் வாங்கிய அல்வாப் பொட்டலத்தோடு வருவார். வாசலில் வண்டியை நிறுத்தும்போதே, "எங்க எம் பொண்டாட்டி?" என்பார். எனக்கு ஐந்து வயது. "மாமனக் கட்டிக்கிறியா, இல்ல வேற எவனையும் பாத்து வச்சிருக்கியா?" அழுதால் எல்லாரும் சிரிப்பார்கள். சிரித்தால், "இப்பவே வெக்கத்தப் பாரு" என்பார்கள். ஓடி ஒளிந்தால், "ஆசைதான், காட்டிக்க மாட்டேங்கிறா" என்று தீர்ப்பாகிவிடும். எப்படிப் பதில் சொன்னாலும் தப்பாகிற கேள்வியை அதற்குப் பிறகு வேலைக்கான நேர்முகத் தேர்வுகளில்தான் சந்தித்தேன்.

விளையாட்டுப் பேச்சு என்று எளிதாகச் சொல்லிவிடுவார்கள். அக்கா மகளைத் தாய்மாமன் கட்டுவது வழக்கமாக உள்ள ஊரில் அது பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிக்கிற வேலை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் சொந்தத்துக்குள் கட்டிக்கொண்ட பெண்கள் நூற்றுக்கு 28 பேர். மாமா கடைசியில் வேறு இடத்தில் பெண் எடுத்தார். அத்தையை அவர் பொண்டாட்டி என்று கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை. "ஏய்" என்பதோடு சரி.

இப்போது செல்லூர் நாகரிகமாகிவிட்டது. அண்ணன் பேத்தி பேபி, பட்டு, தங்கம். கொள்ளுப்பாட்டி "கருவாச்சி" என்று வாயெடுத்தால், "அப்பத்தா, அது பாடி ஷேமிங்" என்று பிள்ளையின் அம்மா நிறுத்திவிடுகிறாள். நிறுத்திவிட்டு, சிவப்பாக்கும் க்ரீமைப் பிள்ளைக்குத் தடவுகிறாள். பேர் அண்ட் லவ்லியே 2020இல் குளோ அண்ட் லவ்லி என்று பேரை மாற்றிக்கொண்டுவிட்டது. இவர்களும் மாற்றிக்கொண்டார்கள், பேரை.

தெருமுனையில் காதுகுத்து பேனர். ஒன்றரை வயதுப் பையன் கூலிங் கிளாஸ் மாட்டிச் சிம்மாசனத்தில் இருக்கிறான். இரண்டு பக்கமும் சிங்கம். 'எங்கள் குட்டிச் சிங்கமே' என்பதற்குக் கீழே, முடிந்தால் மோதிப் பார் என்ற தினுசில் ஒரு வசனம். மோத வருகிறவர் ஆசாரி மட்டும்தான், அவர் கையில் இருப்பதும் ஊசிதான். பக்கத்துப் பேனரில் ஏழாம் வகுப்புப் பெண் பட்டுப்புடவையில் நிற்கிறாள். அவள் வயதுக்கு வந்ததை நான்கு ரோடும் நின்று வாசித்துவிட்டுப் போகிறது.

டீக்கடை பெஞ்சு போனுக்குள் போய்விட்டது. எல்கேஜி பிள்ளை கண்ணடித்து இரட்டை அர்த்த வசனத்துக்கு வாயசைக்க, அம்மாவே படம் பிடித்துப் போடுகிறாள். இந்த பெஞ்சில் உட்காருகிறவர்களுக்குக் கணக்கில்லை. தேன்மிட்டாய்க்குப் பதில் லைக். டிவியும் லேசுப்பட்டதில்லை. பெரியவர்களின் ஆபாச ஆட்டத்தைப் பிள்ளைகளை ஆடவிடாதீர்கள் என்று 2019 ஜூனில் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் சேனல்களுக்கு அறிவுரை அனுப்பியது. வெறும் அறிவுரைதான். 2022 ஜனவரியில் ஜீ தமிழின் ஜூனியர் சூப்பர் ஸ்டார்ஸ் நிகழ்ச்சியில் இரண்டு பொடியன்கள் ராஜாவும் மந்திரியுமாக வந்து பணமதிப்பிழப்பைக் கிண்டல் செய்தார்கள். ஏழு நாளில் பதில் சொல்லுங்கள் என்று அதே அமைச்சகத்திடமிருந்து சேனலுக்கு நோட்டீஸே வந்துவிட்டது. பிள்ளைகள் வயதுக்கு மீறிப் பேசுவது அன்றைக்குத்தான் டெல்லியின் காதில் விழுந்தது.

மாமாக்கள் மட்டும் மாறவில்லை. டிவிஎஸ் 50 போய் வீடியோ கால் வந்திருக்கிறது. "ஹாய் பொண்டாட்டி" என்கிறார்கள். பாலியல் நோக்கத்தோடு குழந்தையிடம் சொல்லும் சொல்லும் குற்றம் என்று 2012இன் போக்சோ சட்டம் சொல்கிறது. மாமாவுக்கு அந்த நோக்கம் கிடையாது, சட்டம் பாயாது, சரி. ஐந்து வயதுக்கு நோக்கமெல்லாம் புரியாது. கூச்சம் புரியும்.

"நாங்களும் பட்டப்பேர் வாங்கித்தான் வளர்ந்தோம், என்ன கொறைஞ்சு போனோம்?" என்று கேட்கிறவர்கள் உண்டு. விசாரித்துப் பாருங்கள், பெரும்பாலும் பேர் வைத்தவர்களாக இருப்பார்கள். அமைச்சராக இருந்த எங்கள் செல்லூர் ராஜூ 2017 ஏப்ரலில் வைகை அணையில் தெர்மாகோல் மிதக்கவிட்டார், அன்றிலிருந்து தெர்மாகோல் அவரோடு ஒட்டிக்கொண்டது. அவர் அதைச் சிரித்துச் சமாளிக்கிறார். அவருக்கு வயதிருக்கிறது, கையில் மைக்கும் இருக்கிறது. மூக்கொழுகிக்கு இரண்டும் கிடையாது.

காதுகுத்துக்கு வருகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். மொய் எழுதும் இடத்தில் உங்கள் பேரை இனிஷியல், ஊர் உட்பட இரண்டு தடவை சொல்லி எழுத வைக்கிறீர்கள். அந்த அக்கறையில் கொஞ்சம் எடுத்து, மடியில் உட்கார்ந்து அழுகிற பிள்ளையின் பேரையும் கேளுங்கள். அந்தப் பேரைச் சொல்லியே கூப்பிடுங்கள். கல்யாணப் பேச்சை அது 18 முடித்த பிறகு, அதனிடமே பேசிக்கொள்ளலாம்.