துரை குந்தியிருந்த கல்

தெல்தோட்டைக்கு விருந்தாளி வந்தால் முதல் நாள் பிரச்சினை இல்லை. சோறு, கதை, சொந்தக்காரர் நலம் விசாரிப்பு என்று ஓடிவிடும். மறுநாள் காலையில் கேட்பார்: "இங்க பார்க்க என்ன இருக்கு?" வீடே ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கும். கண்டியில் தலதா மாளிகை இருக்கிறது, பேராதனையில் பூங்கா இருக்கிறது. எங்களிடம் அங்கே போக பஸ் இருக்கிறது.

கொழும்பு மச்சானை அப்படி ஏற்றிவிட முடியவில்லை. அவர் கண்டியை முடித்துவிட்டுத்தான் வந்திருந்தார். ஆகவே ஆட்டோ பிடித்து லூல்கந்துரைத் தோட்டத்துக்கு ஏறினோம்.

1867இல் ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்கொட்லாந்துத் துரை 19 ஏக்கரில் தேயிலை போட்ட 7ஆம் நம்பர் மலை அங்கேதான். இலங்கையில் வியாபாரத்துக்கென்று போட்ட முதல் தேயிலை. "எது?" என்றார் மச்சான். காட்டினேன்.

"பக்கத்தில இருக்கிறது?"

"அதுவும் தேயிலைதான்."

"அதுக்கும் அங்கால?"

ஆட்டோத் தம்பி முந்திக்கொண்டான்: "தேயிலைதாங்க ஐயா."

அடுத்தது முக்கியமான காட்சி, துரை குந்தியிருந்த கல். அதில் குந்தி மலைகளைப் பார்த்து யோசிப்பாராம். நாங்களும் குந்தினோம். ஒரே மூடுபனி. பக்கத்திலிருந்த மச்சானே மங்கலாகத்தான் தெரிந்தார். அட்டைகளுக்கு மட்டும் எங்களைத் தெளிவாகத் தெரிந்தது. தலைமுறை தலைமுறையாகக் கொழுந்தெடுத்த எங்கள் ஆட்கள் குந்தியிருந்த கல் எதையும் காணோம். குந்தினால் கங்காணி அரைப்பேர் போட்டு அரைநாள் சம்பளத்தை வெட்டியிருப்பாரே, எங்கே குந்துவது!

துரையைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. 1852இல் வந்தவர், 1892இல் சாகும்வரை இந்தத் தோட்டமே கதி. லீவு என்று போனது 1874இல் ஒரே தடவை என்பார்கள். எங்கே? டார்ஜிலிங்குக்கு. எதற்கு? தேயிலை பார்க்க! ஊர் பார்க்கும் விஷயத்தில் எங்களையும்விடப் பாவப்பட்ட பிறவி. ஆளும் லேசான உடம்பில்லை. பெட்டியை 24 பேர் முறை மாற்றிச் சுமந்து கண்டி மஹய்யாவ மயானத்தில் சேர்த்தார்கள். அந்தச் சாக்கில் அவர்களும் கண்டியைப் பார்த்திருப்பார்கள்.

பஸாரில் இறங்கியதும் மச்சானுக்கு ஆசை, சிலோன் தேயிலை பிறந்த ஊரில் ஒரு பிளேன்டி குடிக்க வேண்டுமென்று. கடைக்காரர் டின்னைத் திறந்து, கவிழ்த்து, தட்டியும் பார்த்தார்.

"தேத்தூள் முடிஞ்சிருச்சுங்க. நெஸ்டமோல்ட் போடவா?"