பிரெஞ்சு சட்டத்தோடு சிகாகோவில் தோற்பது எப்படி?

ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில், யாரும் படிக்காத மூலையில், 'இதற்குப் பிரெஞ்சு சட்டமே பொருந்தும்' என்று ஒரு வரி. கையெழுத்துப் போட்டாயிற்று. பல வருடம் கழித்துத் தகராறு முளைத்து, வழக்கு அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போய்விட்டது. "உண்மைகளில் சண்டையே இல்லை, சாட்சி எதற்கு, ஜூரி எதற்கு? காகிதத்தைப் பார்த்தே முடித்துவிடுங்கள்" என்று எதிர்த்தரப்பு வக்கீல் சுருக்கத் தீர்ப்புக்கு மனுப் போட்டிருக்கிறார். நீங்களோ வழக்கை விசாரணை வரை இழுத்துவிட ஆசைப்படுகிறீர்கள். அந்த ஆசையில் மண் விழக் கீழ்க்காணும் ஐந்து படிகள் போதும். பெரும்பாலும் பிறர் நடந்து பார்த்த பாதைதான்.

படி 1: வாயைத் திறக்காதீர்கள்

வெளிநாட்டுச் சட்டத்தை நம்பியிருப்பவர் அதை எழுத்து மூலம் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்கிறது அமெரிக்கக் கூட்டாட்சி சிவில் நடைமுறையின் 44.1-ஆம் விதி. நீங்கள் தெரிவிக்காதீர்கள். நீதிபதிக்குத் தெரியாதா என்ன?

இதில் முன்னோடி, அர்கான்சாஸ்காரர் ஒருவர். சவூதி அரேபியாவுக்குப் போன இடத்தில் அவர் ஓட்டிய காரும் அராம்கோ எண்ணெய் நிறுவனத்தின் லாரியும் மோதிக்கொண்டன. பலத்த காயம். நியூயார்க்கில் வழக்குப் போட்டார். விபத்து நடந்த ஊரின் சட்டம் என்ன சொல்கிறது என்பதை மட்டும் கடைசி வரை காட்டவில்லை. தப்பு யார் மேல் என்று ஜூரி முடிவு சொல்லவே வாய்ப்பில்லாமல் வழக்கு கவிழ்ந்தது. 1956-ல் அப்பீலிலும் அதே கதி. வெளிநாட்டுச் சட்டத்தை ஓர் 'உண்மை'யாக, சாட்சியம் வைத்து நிரூபிக்க வேண்டியிருந்த காலம் அது. 1966-ல் 44.1 வந்து அதை மாற்றிவிட்டது. இப்போது நீங்கள் பேசாமல் இருந்தால் பெரும்பாலும் உள்ளூர்ச் சட்டத்தையே பொருத்திவிடுவார்கள். கடைசிப் பக்கத்து வரி கடைசிப் பக்கத்திலேயே தூங்கும்.

படி 2: பாரிசிலிருந்து பேராசிரியரை இறக்குங்கள்

இந்தியச் சாட்சியச் சட்டத்தில் பழகியவர்களுக்கு இந்தப் படி சுலபம். அங்கே வெளிநாட்டுச் சட்டம் நிபுணர் கருத்துக்குரிய விஷயம். எனவே பெரிய பல்கலைக்கழகத்துப் பேராசிரியராகப் பார்த்து, நீளமான வாக்குமூலம் வாங்குங்கள். எதிராளியும் சும்மா இருக்க மாட்டார். பாரிஸ் வக்கீல் ஒருவரைப் பிடித்து நேர்மாறாக எழுதி வாங்குவார். அடுத்த படிக்கு இதுதான் முதலீடு.

படி 3: "நிபுணர்களே மோதுகிறார்கள், ஆகவே விசாரணை வேண்டும்!" என்று முழங்குங்கள்

காபிப் பிரியர்கள் நடத்திக் காட்டிய படி இது. கண்ணாடிக் குடுவை, அதைத் தாங்கும் உலோகச் சட்டம், மேலே குமிழ் வைத்த அழுத்துகோல்: 'சாம்போர்' என்ற பெயரில் விற்கும் பிரெஞ்சு பிரஸ். அதைச் செய்துவந்த பிரெஞ்சுக் கம்பெனியை 1991-ல் 'போடும்' (Bodum) என்ற குழுமம் வாங்கியது. அதே மாதிரிக் குடுவையை விற்றுவந்த ஒரு பிரிட்டிஷ் கம்பெனியோடு அப்போது ஓர் உடன்படிக்கை: பிரான்சுக்குள் விற்கக் கூடாது, 'சாம்போர்', 'மெலியோர்' என்ற பெயர்களைத் தொடக் கூடாது, பிரான்சுக்கு வெளியே விற்றுக்கொள்ளலாம். பின்னாளில் 'லா காஃபெத்தியேர்' என்ற பெயரில் அந்தக் குடுவை அமெரிக்காவில் விற்றபோது, எங்கள் வடிவத்தைத் திருடுகிறார்கள் என்று 'போடும்' குழுமம் வழக்குப் போட்டது. எதிர்த்தரப்பு அந்த உடன்படிக்கையை எடுத்து மேசையில் வைத்தது. அதற்குப் பொருந்துவது பிரெஞ்சு சட்டம்.

இரு பக்கமும் பிரெஞ்சு நிபுணர்கள் மோதினார்கள். பலன்? சுருக்கத் தீர்ப்பு, 'போடும்' தோற்றது. 2010-ல் சிகாகோவில் இருக்கும் ஏழாவது வட்டார அப்பீல் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. விசாரணை தேவைப்படுவது, உண்மை பற்றிய மெய்யான சண்டைக்கு. 44.1 வந்த பிறகு வெளிநாட்டுச் சட்டத்தின் பொருள் 'சட்டக் கேள்வி'; அதை நீதிபதி தானே படித்துத் தீர்க்கலாம். இரண்டு பேராசிரியர் அல்ல, இருபது பேர் சண்டை போட்டாலும் அது உண்மை பற்றிய சண்டை ஆகாது.

படி 4: "என் மனசில் இருந்தது வேறு" என்று சத்தியம் செய்யுங்கள்

பிரெஞ்சு சிவில் சட்டத்தில் இதற்குத் தோதான பிரிவு உண்டு. அன்று 1156, 2016 சீர்திருத்தத்துக்குப் பின் 1188: சொல்லின் நேர்ப்பொருளோடு நின்றுவிடாமல் இரு தரப்பின் பொதுவான எண்ணத்தைத் தேட வேண்டும். 'எண்ணம்' என்ற சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். 'பொதுவான' என்ற சொல்லைக் கைவிரலால் மறைத்துக்கொள்ளுங்கள். தெளிவாக எழுதிய ஷரத்தை நீதிபதிகள் திரிக்கக் கூடாது என்று பிரான்சின் உச்ச நீதிமன்றம் 1872-லேயே சொன்னதை யாரும் தோண்டி எடுக்க மாட்டார்கள் என்றும் நம்புங்கள். 'போடும்' குழுமம் இந்தப் படியிலும் ஏறிப் பார்த்தது. கையெழுத்துப் போட்ட இருவரில் ஒருவர் மனசில் இருந்ததைப் பல வருடம் கழித்து அவரே சொல்வதால் அது இருவரின் எண்ணமாகிவிடாது.

படி 5: நீதிபதிக்குப் படிக்கத் தெரியாது என்று முடிவு கட்டுங்கள்

காபி வழக்கில் மூன்று நீதிபதிகளும் தனித்தனியாக எழுதினார்கள். கூலிக்கு வரும் நிபுணரின் கருத்து ஒரு பக்கம் சாய்ந்தே வரும், பிரெஞ்சு சட்டம் பற்றி ஆங்கிலத்திலேயே நூல்கள் கிடைக்கின்றன என்றார் ஈஸ்டர்புரூக். போஸ்னர் இன்னும் காரமாக அதையே வழிமொழிந்தார். நிபுணர் உதவியை அப்படித் தள்ளிவிட வேண்டாம் என்று டயேன் வுட் மறுத்தார். வுட் பக்கத்தை மட்டும் நகலெடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பேராசிரியர் போதாதென்றால் அரசாங்கத்தையே அழையுங்கள். வைட்டமின் சி விலைக்கூட்டு வழக்கில் சீன வர்த்தக அமைச்சகமே பிரதிவாதிகள் பக்கம் வந்து, எங்கள் சட்டம் இதுதான் என்று விளக்கம் தந்தது. மரியாதையோடு கேட்கலாம், கட்டுப்பட வேண்டியதில்லை என்று 2018-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது. ஆனால் வழக்கு திரும்பிப் போன பிறகு 2021-ல், வேற்று நாட்டுக்குக் காட்ட வேண்டிய மரியாதை என்ற காரணத்தால் அப்பீல் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. ஐந்து படிகளில் ஜெயிக்கும் ஆபத்துள்ள படி இது ஒன்றுதான், உஷார்.

ஆறாவதாக ஒரு வழி இருக்கிறது. எந்தெந்த நாட்டில் விற்கலாம், எங்கே கூடாது என்று மனசில் இருப்பதைக் கையெழுத்துப் போடும் அன்றே, ஷரத்திலேயே எழுதிவிடுவது. காபிக் குடுவையின் அழுத்துகோலை இறக்குவதற்கு முன் நாலு நிமிடம் ஊற விடுவார்களே, அந்த நேரத்துக்குள் எழுதி முடிக்கலாம். பேராசிரியருக்கு விமான டிக்கெட் போட வேண்டியிருக்காது என்பதால், இந்த வழியைச் சிபாரிசு செய்ய எந்த வக்கீலுக்கும் மனசு வராது.