கறுப்புக் கட்டத்துக்குப் புருவம் இல்லை

கே: 2020 மார்ச்சில் கல்லூரிகளை மூடினார்கள், சில வாரங்களிலேயே ஆன்லைன் வகுப்பு தொடங்கிவிட்டது. சாதனைதானே? (ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்)

ப: வெள்ளத்தில் கையில் சிக்கிய வாழைமரத்தைப் பிடித்துக் கரையேறினோம். பிழைத்தது பெரிது, அதற்கு நீச்சல் என்று பெயர் வைக்க வேண்டாம். அந்த மார்ச் 27-லேயே சார்லஸ் ஹாட்ஜஸும் நான்கு சக ஆய்வாளர்களும் 'எஜுகாஸ் ரிவ்யூ' இதழில் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டினார்கள். முறையான ஓர் இணையவழிப் பாடத்தைத் தயாரிக்க ஆறு முதல் ஒன்பது மாதம் ஆகும். நாம் நடத்தியது 'அவசரகாலத் தொலைநிலைக் கற்பித்தல்'. முன்னதற்கான மதிப்பெண்ணைப் பின்னதற்குப் போடக் கூடாது. கூட்டியும் போடக் கூடாது, குறைத்தும் போடக் கூடாது.

கே: தமிழக அரசுதான் தினம் 2 ஜிபி டேட்டா கொடுத்ததே? (வாசகர், ஈரோடு)

ப: நல்ல காரியம். ஆனால் அது 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை. ஊரடங்கு வந்ததோ முந்தைய மார்ச்சில். இடைப்பட்ட மாதங்களில் வேலையிழந்த அப்பாதான் ரீசார்ஜ் செய்தார். டேட்டா இருந்தாலும் வீட்டில் போன் ஒன்றுதானே? பத்து மணிக்கு அண்ணனுக்குத் தெர்மோடைனமிக்ஸ், அதே பத்து மணிக்குத் தங்கைக்குக் கணக்கு. தங்கை விட்டுக்கொடுத்த வீடுகள் எனக்குத் தெரியும். அந்தக் கணக்கை இன்னும் யாரும் நேர் செய்யவில்லை.

கே: கேமராவை அணைத்துவிட்டுத் தூங்கியவர்களுக்கும் வருகைப்பதிவா? (உதவிப் பேராசிரியர், சிவகாசி)

ப: தூங்கியவர்கள் உண்டு. ஒற்றை அறை வீட்டில், பின்னால் பாட்டி படுத்திருக்க, கேமராவைப் போடக் கூசியவர்களும் உண்டு. உங்கள் வலியும் புரிகிறது. வகுப்பறையில் ஒரு புருவம் சுருங்கினால் போதும், "புரியலையாப்பா?" என்று நிறுத்தியிருப்பீர்கள். கறுப்புக் கட்டத்துக்குப் புருவம் ஏது?

கே: லேப்? (மாணவி, நாகர்கோவில்)

ப: டைட்ரேஷனில் நிறம் மாறும் அந்த ஒரு சொட்டு, கைக்குத்தான் தெரியும். அதனால் 2020 டிசம்பரில் முதுநிலை அறிவியல் இறுதியாண்டினரை முதலில் கல்லூரிக்கு அழைத்தது சரி.

கே: நான் 2020-ல் சேர்ந்தவன். 'கொரோனா பேட்ச்' என்று இன்டர்வியூவில் சிரிக்கிறார்கள். (பொறியியல் பட்டதாரி, திண்டுக்கல்)

ப: தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி, ஒரு கோடு சிக்னலில் டிஃபரென்ஷியல் ஈக்வேஷன் படித்தவன் நான் என்று சொல்லுங்கள் தம்பி. பிறகு ஒரு தாளில் எந்தெந்தப் பாடம் விட்டுப்போனது என்று எழுதுங்கள். என்பிடெல் இணையதளத்தில் ஐஐடி ஆசிரியர்களின் பாடங்கள் இலவசமாகவே இருக்கின்றன. அவை வெள்ளத்தில் பிடித்த வாழைமரமல்ல, நிதானமாகக் கட்டிய படகு.