கூடு காக்கும் ஆள்: ரிமோட் டெஸ்க்டாப் குறித்து ஒரு சிற்றாராய்ச்சி

தூரத்துக் கணினிக்குள் புகுந்து வேலை பார்க்கும் வித்தையைப் புதிது என்பார் உளர். 2001-இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி அதற்கு ‘ரிமோட் டெஸ்க்டாப்’ என்று பெயர் சூட்டியது, அவ்வளவே. கூடுவிட்டுக் கூடு பாய்தல் என்று நம் பாட்டிமார் அறிந்ததுதான் அது. இக்கட்டுரை நிறுவப் புகுவது வேறொன்று: பாய்கிறவர் எத்தனை வல்லவரானாலும், கூட்டருகே நிற்கும் ஆள் சரியில்லையென்றால் வித்தை பலிக்காது. திருமூலர் சாத்தனூரில் இடையன் மூலனின் உடலில் புகுந்தார். பிறகு போய்ப் பார்த்தால் தம் உடலைக் காணோம். அருணகிரிநாதர் கிளியாகிப் பாரிசாதம் பறிக்கப் போன நேரத்தில் இங்கே உடலை எரித்துவிட்டார்கள் என்பது கதை. அந்தக் கோளாற்றின் பதிவேடாகத் திருவண்ணாமலையில் கிளி கோபுரம் நிற்கிறது. ஆதிசங்கரரோ அமருக மன்னன் உடலில் புகுமுன் தம் உடலுக்குச் சீடர்களைக் காவல் வைத்தார், பத்திரமாகத் திரும்பினார். மூவரின் யோகபலத்தில் குறை சொல்ல யாருக்குத் துணிவு? வேறுபாடு காவலில் இருக்கிறது.

இனி, கள்ளக்குறிச்சியில் அமர்ந்து கல்வராயன் மலைமேல் வெள்ளிமலையில் ஒரு கடையில் உள்ள கணினியைத் திறக்க முயல்வோம். முதலில் அது தூங்கியிருக்கும். விழித்திருந்தால் விண்டோஸ் ஹோம் பதிப்பாக இருக்கும். ஊர் விருந்துக்கெல்லாம் போகும், தன் வீட்டில் இலை போடாத சாதி அது. புரோ பதிப்பே என்றாலும் முகவரி இடறும். 192.168 என்று தொடங்குவது வீட்டுக்குள் கூப்பிடும் செல்லப்பெயர். வாசற்படி தாண்டினால் அதற்கு யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. சிம் போட்ட மோடம் என்றால் பெரும்பாலும் பல வீட்டுக்கு ஒரே பொது முகவரி, ரிமோட் டெஸ்க்டாப்பின் வாசலான 3389 போர்ட்டைத் திறந்து வைத்தும் பயனில்லை. (திறந்து வைப்பதும் ஆபத்து. 2019-இல் அம்பலமான புளூகீப் ஓட்டை, பாஸ்வேர்டே கேட்காமல் உள்ளே விடக்கூடியது.)

எனிடெஸ்க் போன்ற செயலியைப் போட்டால் இந்தத் தொல்லை ஏது என்பது முதல் மறுப்பு. முகவரித் தொல்லை தீரும், மெய்தான். ஆனால் திரையில் தெரியும் அந்த நீள எண்ணைப் போனில் படித்துக் காட்டி, “அக்செப்ட்னு வருதுண்ணா, அமுக்கவா?” என்று கேட்க அங்கே ஒருவர் வேண்டுமே. நிலையான பாஸ்வேர்டு வைத்தால் அவரும் வேண்டாம் என்பர் சிலர். கரண்ட் போய் வந்தால்? தானே எழும்படி பயாஸில் அமைக்கலாம். செல்போனுக்குச் சார்ஜ் போட யாரும் பிளக்கைப் பிடுங்காத வரை அது செல்லும். நெட்வொர்க் வழியே தட்டி எழுப்பும் முறைக்கும், அதே கடையில் விழித்திருக்கும் இன்னொரு கருவிதான் பொதுவாகத் தட்ட வேண்டியிருக்கிறது. இவை எல்லாவற்றையும் வென்றவரும் ஒருநாள் மாலை, தம் கணினியை அணைப்பதாக எண்ணி மலைமேல் இருப்பதை அணைத்துவிடுவார். ஒரே திரையில் இரண்டு ஸ்டார்ட் பட்டன் இருந்தால் யோகிக்கும் கை தவறும். பிறகு போனை எடுக்க வேண்டியதுதான்: “தம்பி, கடையப் பூட்டிட்டியா? ஒரு நிமிஷம் உள்ள போய் லைட் எரியுதான்னு பாருப்பா.”