பழைய ரெக்கார்டு

எங்கள் ஊரில் ஒருவன் மூச்சுவிடாமல் பேசினால், "என்னடே, சிலோன் ரேடியோ மாதிரி அடிக்கியே" என்பார்கள். திட்டா பாராட்டா என்று பிரித்தறிய முடியாது. சிறுவயதில் எனக்கு அது பாராட்டாகவே காதில் விழுந்து தொலைத்தது.

எங்கள் ஊரான கொட்டாரத்திலிருந்து சென்னை நேர்கோட்டில் 600 கிலோமீட்டருக்கு மேல். சிலோன் ரேடியோ இருந்த கொழும்போ 300 கிலோமீட்டருக்குள். நடுவில் கடல் கிடப்பதும் நல்லதுக்குத்தான். மத்திய அலை வரிசையை மண்ணும் மலையும் உறிஞ்சிவிடும். உப்புத்தண்ணீர் அலுங்காமல் கரை சேர்க்கும். ஆகவே சொந்த நாட்டு நிலையம் கரகரத்துக்கொண்டிருக்க, அயல்நாட்டுக்காரர் சாயக்கடை பெஞ்சில் நம் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோலப் பேசுவார். கடைக்காரர் வருடா வருடம் தபாலாபீசில் பணம் கட்டி, லைசன்ஸ் புத்தகத்தில் ஸ்டாம்பு ஒட்டி வாங்கியதெல்லாம் கொழும்பைக் கேட்பதற்காகத்தான்.

இதற்கு நாங்கள் நன்றி சொல்ல வேண்டியது பி.வி. கேஸ்கருக்கு. 1952-ல் ஒலிபரப்பு மந்திரியாக வந்தவர் சினிமாப் பாட்டைத் தரக்குறைவு என்று அகில இந்திய வானொலியில் ஒடுக்கினார். பாட்டு கடல் தாண்டிப் போய்க் கொழும்பிலிருந்து திரும்பி வந்தது. இந்திக்கு அமீன் சயானி, தமிழுக்கு எஸ்.பி. மயில்வாகனன் அறிவிப்பாளர்கள். 1957-ல் டெல்லிக்கு ஞானம் பிறந்து விவித் பாரதி தொடங்கியது. எங்கள் சாயக்கடைக்காரர் முள்ளை நகர்த்தவில்லை.

மயில்வாகனனின் வேகம் அப்பா தலைமுறைக்கு. எனக்கு வாய்த்தவர் கே.எஸ். ராஜா. எழுபதுகளில் அவருடைய 'திரைவிருந்து' வரும் நேரத்தில் கடையில் யாரும் சாயாவை ஆற்றக்கூடாது, சத்தம் கேட்கும். படத்து வசனத்தை ஒரு துண்டு ஓடவிட்டு, நடுவில் தாமே ஒரு கேள்வி கேட்பார். அடுத்த துண்டில் கதாநாயகன் அதற்குப் பதில் சொல்வான். படத்தில் அவன் பேசியது வேறு யாரிடமோ. தியேட்டரில் போய்ப் பார்த்தால் அந்தக் காட்சி சப்பென்று இருக்கும், ராஜா இல்லாததால். நாலு வரி நீளமுள்ள வாக்கியத்தை ஒரே இழுப்பில் சொல்லி முடிப்பார். ஒரு ழகரம் சறுக்காது, ஒரு ளகரம் லகரமாகாது. பள்ளத்தில் ஓடும் மாட்டுவண்டியில் நிறைகுடம் தளும்பாமல் போவதுபோல.

பாட்டா திண்ணையிலிருந்து கேட்பார்: "இவன் எவம்லே? பின்னால நாய் எதுவும் வெரட்டுதா?"

நான் அந்த நாயைத் தேடிக்கொண்டேன். மருந்துவாழ்மலை அடிவாரத்தில் நின்று, ஒரே மூச்சில் எத்தனை ஊர்ப்பெயர் சொல்ல முடிகிறது என்று பழகினேன். கொட்டாரம், பொற்றையடி, அகஸ்தீஸ்வரம், மயிலாடி, அஞ்சுகிராமம், சுசீந்திரம், கோட்டாறு. வடசேரி வரும்போது கண் இருட்டும்.

படிப்பு முடிந்ததும் ஒரு வானொலி நிலையத்தில் குரல் தேர்வுக்குப் போனேன். பெயர் வேண்டாம். காகிதத்தைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார்கள். ராஜாவை நினைத்துக்கொண்டு வாசித்தேன். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் இருந்தவர் கையைக் காட்டி நிறுத்தி, "தம்பி, பஸ்ஸுக்கு நேரமாச்சா?" என்றார். 1984 அக்டோபர் 30-ல் நாட்டின் முதல் உள்ளூர் வானொலி நிலையமாக நாகர்கோவில் தொடங்கியபோது ஊரே கொண்டாடியது. எங்களூர் பேச்சுவழக்கு காற்றில் ஏறியது. நான் அதற்குள் அம்பாசடர் காரில் ஏறியிருந்தேன்.

மேலே இரண்டு குழாய், பின்சீட்டில் ஆம்ப்ளிஃபயரும் பாட்டரியும், மடியில் பச்சை, மஞ்சள் நோட்டீஸ் கட்டு. இன்றே, இப்படம், கடைசி. வலதுகையில் மைக், இடதுகையால் நோட்டீசை வெளியே வீச வேண்டும். பின்னால் இருபது பிள்ளைகள் ஓடிவரும். வேகப்பேச்சின் தேவை எனக்கு அங்கேதான் புரிந்தது. ரோட்டோரம் நிற்பவனைக் கார் கடந்துபோகப் பதினைந்து, இருபது விநாடி. அதற்குள் படம், நடிகர், தியேட்டர், காட்சி நேரம் எல்லாம் அவன் காதில் விழுந்தாக வேண்டும். மெதுவாகப் பேசினால் படத்தின் பெயர் கொட்டாரத்துக்கும் தியேட்டரின் பெயர் பொற்றையடிக்கும் போய்விடும்! கொழும்பிலும் விநாடிக்கு விலை வைத்து விற்றார்கள். நாங்களும் அதே வியாபாரம்தான், சக்கரம் மட்டும் கூடுதல்.

1994-ல் கொழும்பில் ராஜாவைக் கொன்றுவிட்டார்கள் என்ற செய்தி வந்த நாளில் சாயக்கடையில் டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. யாரும் ஒன்றும் பேசவில்லை. ஒருவர் மட்டும் ராஜாவின் அந்த நாலுவரி வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்தார். பாதியில் மூச்சு போதவில்லை.

பிறகு தனியார் எஃப்.எம். வந்தது. அறிவிப்பாளர் ஆர்.ஜே. ஆனார். என் அக்கா மகன் ஒரு எஃப்.எம்.மில் தேர்வுக்குப் போனான். திருத்தமான உச்சரிப்பு, நிதானமான பேச்சு. "எனர்ஜி இல்லை, இன்னும் ஸ்பீடு வேண்டும்" என்று அனுப்பிவிட்டார்கள். எங்கள் குடும்பத்துக்கும் வானொலிக்கும் வேகம் எப்போதும் ஒத்துவந்ததில்லை. இப்போது காரில் போகும்போது பேரன் வைக்கிற நிலையத்தில் ஒரு பெண் பேசுகிறாள்: டிராஃபிக், கிரிக்கெட், காதல், பல்பொடி. பாட்டின் முன்னிசை முடிந்து பாடகர் வாய் திறக்கும் நொடியில் சரியாக நிறுத்துகிறாள். அது லேசுப்பட்ட வித்தை இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் என் வாய் சொல்கிறது: "இவ யாருடே? பின்னால நாய் எதுவும் வெரட்டுதா?"

பத்து வருடம் முன்னால், மேல்வரிசைப் பல் போவதற்குச் சற்று முன்பு, கடைசியாக ஒரு வேலை வந்தது. நாகர்கோவிலில் சின்ன ஸ்டூடியோ. நாற்பது விநாடி, ஒரே டேக், முந்நூறு ரூபாய். பெரிய வெங்காயம் நாலு கிலோ நூறு ரூபாய். அது பென்டிரைவில் ஏறி, ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போய், எத்தனை லோடு ஆட்டோவில் சுற்றுகிறதோ.

போன வாரம் மத்தியானம், கண் அசந்த நேரத்தில் தெருமுனையில் என் குரல் கேட்டது. முப்பத்தைந்து வயதுக்காரன் மாதிரி துள்ளலாகக் கூப்பிட்டது. எழுந்து, வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, பையோடு போனேன். நாலு கிலோ போடச் சொல்லி நூறு ரூபாய்த் தாளை நீட்டினேன்.

"ரெண்டரை கிலோதான் பாட்டா நூறு ரூவா."

"நாலு கிலோன்னுல்லா சொல்லுகு?" என்று குழாயைக் காட்டினேன்.

பையன் சிரித்தான். "அது பழைய ரெக்கார்டு பாட்டா. அவன் சொல்லுகதையெல்லாம் நம்பப்பிடாது."